எல்லைப் பக்கத்து வண்டிக்கு எந்த எரிபொருள்? சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கார் வாங்கப் போகிறவர் பாலக்காட்டில் ஒரு விலையும் பொள்ளாச்சியில் ஒரு விலையும் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அப்புறம் பெட்ரோலா, கேஸா, கரண்டா என்று வாக்குவாதம் நீளும். 2023 ஏப்ரலில் கேரள அரசு பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்ட பிறகு, டேங்க் நிரப்ப எல்லை தாண்டிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள், வாக்குவாதமும் சூடாகிவிட்டது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் இந்த மண்ணில், வயலில் விளைவதைக் காருக்குக் கொடுக்கக் கூடாது. காருக்கு வேண்டியதைக் கூரையிலிருந்தும் காற்றிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எடுக்க முடியும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதில்தான் பேச்சு பெருகிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் சுமார் 21. இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் (பெட்ரோல் பங்கில் இ20 என்று சொல்வது இதைத்தான்) சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறையும். நாம் சுத்தப் பெட்ரோலிலிருந்து நேராக இதற்கு வரவில்லை. 2022-லேயே பத்து சதவீதக் கலப்பு வந்துவிட்டது. அங்கிருந்து இங்கே வந்ததில் குறைவு மூன்றரை சதவீதம்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினாலரை கொடுக்கும்.

மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக் 2021-இல் எத்தனால் கலப்புக்காக வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம்வரை இழப்பு இருக்கும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ‘பதினஞ்சு கொடுத்தது, இப்ப பன்னெண்டுதான்’ என்று யாராவது சொன்னால், டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கிலோமீட்டரை எத்தனால் மட்டும் தின்றிருக்க முடியாது.

எத்தனால் விவசாயிக்கு நல்லதுதானே? நீங்களே எதிர்க்கலாமா?

விவசாயிக்கு விலை கிடைப்பதை யாரும் எதிர்க்க முடியாது. மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியதும் உடுமலைப் பக்கம் சோளம் போட்டவருக்கு நல்ல விலை கிடைத்தது. அதே சோளத்தைத் தீவனமாக வாங்கும் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரருக்குச் செலவு ஏறியது. இரண்டு பேரும் நம் ஆட்கள்தான்.

நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. உங்கள் காரில் 35 லிட்டர் டேங்க் என்றால், அதில் எத்தனால் 7 லிட்டர். கரும்பிலிருந்து வந்தது என்றால் அந்த 7 லிட்டருக்குப் பின்னால் இருபதாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஒரு தடவை டேங்க் நிரப்பும் கணக்கு இது.

நம் தாலுகாவின் தண்ணீர்க் கதை ஊரறிந்தது. பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்தாக வேண்டும். அதை வாங்குவதற்கு ஒவ்வொரு கோடையிலும் கடிதப் போக்குவரத்தும் மறியலும்தான். பிளாச்சிமடையில் நிலத்தடி நீரைக் காக்க ஆதிவாசிப் பெண்கள் முன்னால் நின்று போராடியதில், 2004-இல் ஒரு குளிர்பான ஆலையே மூடப்பட்டது. 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் எத்தனாலும் மதுவும் தயாரிக்கும் ஆலைக்கு அமைச்சரவை முதல்கட்ட அனுமதி கொடுத்தபோதும், ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது ‘தண்ணி எங்கிருந்து?’ என்றுதான். மேனோன்பாறையில் ஒரு காலத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்தது, சுற்றிலும் கரும்பும் இருந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் போர்வெல் இன்று எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்கட்டும்.

கரும்புச் சக்கையிலும் வைக்கோலிலும் எத்தனால் எடுக்கும் முறைகள் இருக்கின்றன. அதற்காகத் தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. அதை நான் மனமார வரவேற்கிறேன்.

நம்மிடம் இத்தனை தென்னை இருக்கிறதே, தேங்காய் எண்ணெயில் கார் ஓட்டினால் என்ன?

ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை டீசலில் கலந்தே விற்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கிய எண்ணெயை அப்படியே இன்றைய டீசல் காரில் ஊற்றிவிடாதீர்கள். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், மார்கழிக் காலையில் வண்டி கிளம்பாது. கொழகொழப்பு அதிகம் என்பதால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். மெத்தனால் சேர்த்து வேதிவினை செய்து, கிளிசரினைப் பிரித்து எடுத்த பிறகுதான் அது வண்டிக்கு ஏற்ற பயோடீசல் ஆகிறது.

சரி, அதையும் செய்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 70 மரம், மரத்துக்கு வருஷம் 100 காய், ஆக 7,000 காய். அதில் ஏறக்குறைய ஒரு டன் கொப்பரை வரும். ஆட்டினால் 650 முதல் 700 லிட்டர் எண்ணெய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் டீசல் கார் வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 670 லிட்டர் குடிக்கும். ஒரு ஏக்கர் தோப்பு, ஒரே ஒரு கார். உரம், தண்ணீர், ஏறுகூலி எல்லாம் போக, எண்ணெயாக விற்றால் கிடைக்கும் பணத்தையும் விட்டுவிட்டு.

இதே 12,000 கிலோமீட்டரை மின்கார் ஓட ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏற்றும்போது போகும் வீணையும் சேர்த்தால் சுமார் 1,900 யூனிட் வேண்டும். நம் பக்கம் ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும், வருஷத்துக்கு 1,400-க்கு மேல். அப்படியென்றால் ஒன்றரை கிலோவாட்டுக்கும் குறைவான தகடு போதும். அதற்கு மொட்டைமாடியில் 150 சதுர அடி இடம் இருந்தால் சரி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. எனக்கு இந்த விவாதத்தில் இருந்த சந்தேகம் எல்லாம் இந்த ஒரு கணக்கோடு தீர்ந்துவிட்டது.

பலகாரக் கடைகளில் மிஞ்சும் பழைய எண்ணெயில் பயோடீசல் செய்வது வேறு விஷயம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் மறுபடி உணவுக்குள் வராமல் இருக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே அதைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டம் தொடங்கிவிட்டது. அளவு சிறியது என்றாலும் வயிற்றுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

சி.என்.ஜி. வாங்கலாமா?

தினமும் நிறைய ஓடுகிறவர், வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர் என்றால் தாராளமாக வாங்கலாம். சி.என்.ஜி. என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, அதனால் இதை லிட்டரில் கேட்காமல் கிலோவில் கேட்க வேண்டும். ஒரு கிலோ கேஸ், ஓட்டத்தில் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பங்கில் போட்டிருக்கும் கிலோ விலையை 1.4-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த விலைக்குப் பெட்ரோல் கிடைக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு) இருக்கிறது, அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் சிலிண்டர் மேல் உள்ள சோதனைத் தேதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிக்கியில் இடம் போகும், மலையேற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும்.

இந்தக் கேஸ் நம் பக்கம் வருவது கொச்சி புதுவைப்பில் உள்ள முனையத்திலிருந்து. கப்பலில் வரும் திரவ வாயுவை அங்கே வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். கூற்றநாட்டில் குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மங்களூருக்கும் ஒன்று வாளையார் வழியாகக் கோவைக்கும் போகிறது. புகை குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதுவும் நிலத்துக்கடியிலிருந்து எடுக்கும் எரிபொருள்தான், பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். கசிந்தால் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

அண்ணா, எங்கள் வீட்டில் பத்து மாடு இருக்கிறது. சாண எரிவாயுவில் கார் ஓட்ட முடியுமா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு உற்சாகம். சித்தூர் வட்டாரம் கேரளத்தின் பால் வட்டாரம், சாணத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஒரு மாடு நாளுக்கு 12 கிலோ சாணம் போட்டால், பத்து மாட்டுக்கு 120 கிலோ. அதில் கிட்டத்தட்ட 5 கன மீட்டர் எரிவாயு வரும். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மீத்தேன். சுத்தம் செய்து பார்த்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தேறும். சின்னக் கார் சுமார் 40 கிலோமீட்டர் ஓடும், தினமும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வாயுவில் உள்ள கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி, 200 பார் அழுத்தத்தில் அடைக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில் இதைச் செய்யவே கூடாது, ஆபத்து. பால் சங்கம் மாதிரி ஊர்ச் சாணத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். இப்படித் தயாரிக்கும் வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள மத்திய அரசின் ‘சதத்’ திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. வாயு போக மிஞ்சும் கரைசல் நேராகத் தோப்புக்கு உரம். காலையும் மாலையும் பாலை அளந்து வாங்கும் சங்கங்கள், சாணத்தையும் அளந்து வாங்கும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பத்து மாட்டுக்காரர் இப்போதைக்கு அடுப்புக்கும் வெந்நீருக்கும் போட்டால் சிலிண்டர் செலவு மிச்சம்.

வீட்டு கேஸ் சிலிண்டரைக் காரில் வைத்து ஓட்டுகிறார்களே?

குற்றம், அதைவிட முக்கியமாக உயிராபத்து. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் வண்டியின் குலுக்கலுக்காகச் செய்ததில்லை. எல்.பி.ஜி. கார் வேண்டும் என்றால் அதற்கென்று அனுமதி பெற்ற கிட், ஆர்.சி. புத்தகத்தில் பதிவு, ஆட்டோ கேஸ் பங்க். வேறு வழி கிடையாது.

மின்காரும் கடைசியில் நிலக்கரியில்தானே ஓடுகிறது?

பாதி நியாயமான கேள்வி. நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. மேலே சொன்ன கணக்கில் மின்கார் கிலோமீட்டருக்குச் சுமார் 110 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 ஓடும் கார் கிலோமீட்டருக்கு 150 கிராமுக்கு மேல். நிலக்கரிக் கரண்டிலேயே மின்கார் முந்துகிறது, ஆனால் பிரமாதமாக இல்லை. பேட்டரி செய்யும்போது வெளியாகும் கரியையும் சேர்த்தால் அந்த லாபம் தெரிய 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். கூரை சோலாரில் ஓட்டினால் 20,000 கிலோமீட்டருக்குள் கடன் தீர்ந்துவிடும். எந்தக் கரண்டில் ஓட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது. ஆனி, ஆடியில் இங்கே வீசும் காற்றுக்காகத்தான் உடுமலை, பல்லடம் வரை காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கஞ்சிக்கோட்டிலும் தொண்ணூறுகளிலேயே மின்வாரியம் காற்றாலை வைத்தது.

எல்லாரும் சார்ஜ் போட்டால் கரண்ட் தாங்குமா?

எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கேரளத்துக்கு நெருக்கடி நேரம் மாலை 6 மணியிலிருந்து ராத்திரி 10 வரை. அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் ஏசியும் அடுப்பும் ஒன்றாக ஓடுகின்றன, வெளியிலிருந்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் காரையும் அதே நேரத்தில் செருகினால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறத்தான் செய்யும். பொதுச் சார்ஜிங் நிலையங்களில் காலை 9 முதல் மாலை 4 வரை விலை குறைவு, அதற்கு மேல் அதிகம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டில் போடுகிறவர்கள் காரிலேயே டைமர் வைத்து நள்ளிரவுக்கு மேல் ஏறும்படி செய்யுங்கள். பகலில் வண்டி வீட்டில் நிற்கும் என்றால் இன்னும் நல்லது, சோலாரிலேயே ஏறிவிடும். கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது.

இன்னொன்று, வயரிங். சின்னச் சார்ஜர்கூட 15 ஆம்பியரைத் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் இழுக்கும். மிக்சிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்ட பழைய பிளக் பாயிண்ட் அதைத் தாங்காது. முதலில் பிளக் சுடும், அப்புறம் பிளாஸ்டிக் பழுப்பாகும், அதற்கு மேல் தீதான். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள், நம் செம்மண் மாசி, பங்குனியில் கல்லாகக் காய்ந்துவிடும்.

வால்பாறை ஏறுமா?

ஏறும், பெட்ரோல் காரைவிடச் சுலபமாகவே ஏறும். 1,500 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 4 யூனிட் போதும், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் நாலரை. இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும், பிரேக்கும் சூடாகாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். போய்வர மொத்தம் 21 யூனிட் போல ஆகும். 30 யூனிட் பேட்டரியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் கவலையில்லை. மலைமேல் தங்கினால் அங்கே நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, ஆளியாறு வரை 40 ஊசிமுனை வளைவுகளிலும் சாதாரண பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும்.

ஹைட்ரஜன் வரும்வரை காத்திருக்கலாமா?

சொந்தக் காருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை 700 பார் அழுத்தத்தில் அடைத்து ஓட்டினால் கார் 100 கிலோமீட்டர் சொச்சம் போகும். அதே 100 கிலோமீட்டரை மின்கார் 15 யூனிட்டில் முடித்துவிடும். கப்பல், உரத் தொழிற்சாலை, உருக்காலை போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பொருந்தும். கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஹைட்ரஜன் படகு 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் விடப்பட்டது, அந்த மாதிரி இடங்களில் அது வளரட்டும்.

தண்ணீரில் ஓடும் கார், மூலிகை பெட்ரோல் எல்லாம்?

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அதைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்காது. மூலிகை பெட்ரோல் 1996-இல் நாடே பேசிய விஷயம், ஆய்வுக்கூடத்தில் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் கிட்டுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த மாநிலத்தில் பதிவு செய்வது லாபம்?

எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே. கேரளத்தில் 2025-26 பட்ஜெட்டில் மின்கார் வரியை விலைக்கேற்ப 5, 8, 10 சதவீதம் என்று பிரித்தார்கள். தமிழ்நாடு மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்குக் கொடுத்துவந்ததால், பொள்ளாச்சி மாமன் வீட்டு முகவரியில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வரியும் கட்ட வேண்டிவரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முகவரியைத்தான் முதலில் கேட்பார்.

பழைய பெட்ரோல் காரை என்ன செய்வது?

நன்றாக ஓடினால் ஓட்டுங்கள். வருஷத்துக்கு ஐந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியைத் தூக்கிப்போட்டுப் புது மின்கார் வாங்குவதில் பூமிக்கும் லாபமில்லை, பர்சுக்கும் லாபமில்லை. 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த வண்டி என்றால், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், விரிசல் விடவைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியின் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள். நிரப்பி வையுங்கள், வாரம் ஒரு தடவை கோபாலபுரம் வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.